"சும்மா கிடக்கும்" புல்வெளியும் மண்ணுக்குள் இருக்கும் கணக்கும்

இது நீளமான பதிவு. காபி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மருமகன் ஒருவன் கேட்டிருந்தான்: "மாமா, எங்கள் கம்பெனியில் மரம் நடப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊட்டிப் பக்கம் மலை மேட்டில் புல் மட்டும் முளைத்துச் சும்மா கிடக்கிறதே, அங்கே நட்டால் கார்பன் குறையும் இல்லையா?" கேட்டது நல்ல மனதோடுதான். உடனே இருபது பேர் கைதட்டல் படம் போட்டார்கள். நான் அன்று பதில் எழுதவில்லை. நாலு வரியில் முடிகிற பதில் இல்லை அது. வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் எழுதிய வாக்கியத்தில் என் கண் நின்ற இடம் "சும்மா கிடக்கிறதே" என்பது. அந்தச் சொல்லுக்கு வயது இருநூறு. அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியின் மேல் பீடபூமி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இயற்கையாக இருந்தவை இரண்டு. மலை மடிப்புகளில், ஓடை ஓரங்களில், குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்த சோலைகள். மேடுகளிலும் சரிவுகளிலும் பரந்த புல்வெளி. இரண்டுக்கும் இடையில் கத்தியால் வெட்டியது போல எல்லை இருக்கும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் இடங்களில் சதுப்பு. நம் "சோலை" என்ற சொல்லையே வெள்ளைக்கார வனத்துறையினர் எடுத்து "ஷோலா" ஆக்கிக்கொண்டார்கள். இன்று உலக அறிவியல் இதழ்களிலும் அந்தப் பெயர்தான். காட்டுக்குத் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டவர்கள், புல்வெளிக்கு வைத்த பெயர் வேறு. அரசாங்கக் காகிதத்தில் அது தரிசு ஆனது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலை ஏறினார். 1820-களில் ஊட்டி ஓர் ஊராக உருவெடுத்தது. ஏரியும் அப்போது வெட்டப்பட்டதுதான். அந்தப் புல்வெளிகள் ஏற்கெனவே தோடர்களின் மேய்ச்சல் நிலம். அவர்களுடைய மந்துகளும் எருமைக் கோயில்களும் அங்கேதான் இருந்தன. சல்லிவன், தோடர்களுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை உண்டு என்று வாதாடியவர். சென்னை கவர்னராக வந்த லஷிங்டன் அதை ஏற்கவில்லை. உழாத நிலம், வரி வராத நிலம் யாருடையதும் அல்ல, எனவே அரசாங்கத்தினுடையது என்பது அந்தக் காலத்து வருவாய்த் துறையின் தர்க்கம். எருமை மேய்வதை "பயன்பாடு" என்ற பத்தியில் எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை.

ஊர் வளர்ந்தது. குளிர் ஊருக்கு விறகு வேண்டும். பக்கத்துச் சோலைகள் அடுப்புக்குப் போயின. சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டினால் ஒரு மனித ஆயுளில் திரும்ப வராது. அதனால் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் (வாட்டில் என்பார்களே, அது) கற்பூர மரத்தையும் கொண்டுவந்தார்கள். சமவெளியில் நாம் தைல மரம் என்போம். நீலகிரியில் அது கற்பூர மரம். 1830-களிலும் 40-களிலும் வீட்டுத் தோட்டங்களில் நட்டுப் பார்த்தார்கள். மளமளவென்று வளர்ந்தன. பிறகு அவற்றை எங்கே நடுவது என்ற கேள்வி வந்தது. "சும்மா கிடக்கும்" புல்வெளி கண்ணில் பட்டது.

அவர்களை முழு வில்லன்களாக ஆக்கிவிடாதீர்கள். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்பட்ட ஹியூ கிளெக்கார்ன் ஒரு மருத்துவர், தாவரவியல் படித்தவர். காடு அழிந்தால் மழையும் நீரூற்றும் போய்விடும் என்று கவலைப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. சோலைகளில் மிச்சம் இருந்தது தப்பியதற்கு அந்தத் தோட்ட விறகும் ஒரு காரணம். ஆனால் அவர்கள் கண்ணுக்குக் காடு என்றால் மரம். மரம் இல்லாத இடம் என்றால் மரத்தை இழந்த இடம். எருமை மேய்த்தவர்களும் நெருப்பு வைத்தவர்களும் காட்டை அழித்து இந்தப் புல்லை உண்டாக்கிவிட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். நம்பிக்கை இதுவாக இருந்தால் மரம் நடுவது குற்றம் அல்ல, பரிகாரம் ஆகிவிடும்.

இந்த இடத்தில் ஒரு சுவையான விவாதம் நடந்தது. 1938-ஆம் ஆண்டு. "இந்தியன் ஃபாரஸ்டர்" என்ற இதழ். என்.எல். போர் என்ற தாவரவியல் அறிஞர், புல்வெளி என்பது நெருப்பாலும் மேய்ச்சலாலும் ஆனது என்ற பக்கம் நின்றார். அதே ஆண்டு, அதே இதழில், சி.ஆர். ரங்கநாதன் என்ற நம் ஊர் வன அதிகாரி மறுத்து எழுதினார். இந்த மேடுகளில் குளிர்காலத்தில் உறைபனி விழுகிறது. சோலை மரக் கன்றுகள் அந்த உறைபனியில் கருகிவிடுகின்றன. ஆகவே புல்வெளி தன் சொந்த உரிமையில் அங்கே இருக்கிறது, சோலைக்கு அது எவ்வளவு இயற்கையோ அவ்வளவு இயற்கை என்பது அவர் வாதத்தின் சாரம். அடிமை நாட்டில், வெள்ளைக்கார அறிஞர்கள் நடுவில், ஒரு இந்திய அதிகாரி களத்தில் பார்த்ததை வைத்து நின்றார்.

ஆனால் இரண்டு பக்கமும் சாட்சி இல்லாத வழக்கு அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று யார் பார்த்தது?

மண் பார்த்தது.

இனிமேல் கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்துத் தன் உடம்பைக் கட்டுகிறது. செத்த பிறகு இலையும் வேரும் மண்ணில் விழுகின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் கறையானும் அதைத் தின்று பெரும்பகுதியை மறுபடி காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. தின்று தீராத மிச்சம் மண்ணில் தங்குகிறது. கருப்பு மண் கையில் ஒட்டுகிறதே, அந்தக் கருப்பில் ஒரு பங்கு இதுதான். நம் வீட்டு வரவு செலவு மாதிரி: வரவு அதிகமாக இருந்தால் மட்டும் சேமிப்பு வராது, செலவு குறைவாகவும் இருக்க வேண்டும்.

இந்தச் சேமிப்பு எவ்வளவு பெரியது தெரியுமா? உலகத்து மண்ணின் மேல் ஒரு மீட்டரில் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்று மண்டலத்தில் இருப்பதையும் உலகத்துச் செடிகொடி மரம் எல்லாவற்றிலும் இருப்பதையும் கூட்டினாலும் அதைவிடக் குறைவு. நம் நாட்டு வனக் கணக்கெடுப்பிலும் காடுகளின் மொத்தக் கார்பனில் பாதிக்கு மேல் மண்ணில்தான் என்று காட்டுகிறார்கள். நாம் மரத்தை அண்ணாந்து பார்க்கிறோம்; சேமிப்பு காலுக்குக் கீழே இருக்கிறது.

எல்லாக் காட்டு மண்ணும் ஒன்றா என்றால், இல்லை. 2003-இல் அபா சப்ரா குழுவினர் இந்தியக் காட்டு மண் பற்றி வெளிவந்த அளவீடுகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஒரு மீட்டர் ஆழத்துக்கு, வறண்ட இலையுதிர் காட்டில் ஹெக்டேருக்குச் சராசரி 70 டன் கார்பன். குளிர் மலைக் காட்டில் 162 டன். இரண்டு மடங்குக்கும் மேல். அரை மீட்டர் ஆழத்தை மட்டும் பார்த்தால் முதலிடம் கடலோர, சதுப்புக் காடுகளுக்கு: 92.1 டன். அங்கும் கடைசி வறண்ட இலையுதிர் காடுதான்: 37.5 டன்.

ஏன் இந்த வித்தியாசம்? வரவு செலவுக் கணக்கை மறக்காதீர்கள்.

முதுமலை, சத்தியமங்கலம் பக்கத்து இலையுதிர் காட்டில் கோடை வருவதற்குள் இலை உதிர்ந்து தரையெல்லாம் சருகு. அதில் பாதி தீயில் போகும். மீதியைக் கறையான் பார்த்துக்கொள்ளும். மழை வந்ததும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து மிச்சத்தையும் மக்கவைக்கும். வரவு சுமார், செலவு வேகம்.

தாழ்வான மலைச்சரிவின் பசுமைமாறாக் காட்டில் வரவு அபாரம். ஆனால் வருஷம் முழுக்க வெயிலும் ஈரமும் இருப்பதால் செலவும் தாராளம். சம்பளம் பெரிது, செலவாளி வீடு.

பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டில் சேறு எப்போதும் தண்ணீருக்குள். ஆக்சிஜன் உள்ளே போகாது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சுத் திணறும். ஆகவே விழுந்தது அப்படியே புதைந்து கிடக்கும்.

உயர்ந்த மலையில் குளிர். குளிரில் நுண்ணுயிர்கள் சோம்பேறிகள். நீலகிரி மேட்டு மண்ணில் இன்னொரு விசேஷமும் உண்டு. பிரெஞ்சு மண்ணியல் ஆய்வாளர்கள் அந்தக் கருமண்ணை ஆராய்ந்தபோது, கரிமப் பொருள் அலுமினியத்தோடு இறுகப் பிணைந்து கிடப்பதைக் கண்டார்கள். பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி. நுண்ணுயிர்களால் எளிதில் திறக்க முடியாது. இப்படிப்பட்ட மண்ணைச் சாதாரணமாக எரிமலைச் சாம்பல் இருக்கும் நாடுகளில்தான் பார்க்கலாம். எரிமலையே இல்லாத நீலகிரியில் அது இருப்பது அபூர்வம்.

அந்தப் பள்ளத்துச் சதுப்புகளில் குளிர், தண்ணீர் இரண்டும் கூட்டு. அங்கே மக்காத செடிச் சேறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. இதற்குப் பீட் என்று பெயர். மேல் அடுக்கு நேற்றையது. கீழே போகப் போகப் பழையது. ஒரு குழாயைச் செருகி எடுத்தால் கையில் வருவது ஒரு பஞ்சாங்கம்.

லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி ஆய்வுநிலையத்து விஷ்ணு-மித்ரே, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வுநிலையத்து பிளாஸ்கோ, தணிகைமணி போன்றவர்கள் 1970-களிலேயே இந்தச் சேற்றில் உள்ள மகரந்தத் துகள்களை எண்ணிப் பழைய தாவரங்களைத் தேடினார்கள். அடுத்த பெரிய அடி 1993-இல். சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் என்ற நால்வர் நீலகிரிப் பீட் படிவங்களின் கார்பனையே அளந்து "நேச்சர்" இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து சுகுமார் என்றால் யானை ஆராய்ச்சிக்காக உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும், அவரேதான்.

அவர்கள் செய்த தந்திரம் எளிது. கார்பனில் கொஞ்சம் கனமான ஒரு வகை உண்டு, கார்பன்-13. மரங்கள் அதை அதிகம் ஒதுக்கித் தள்ளும். வெப்ப நாட்டுப் புற்களில் பல, உணவு தயாரிக்கும் முறையே வேறு என்பதால், அவ்வளவாக ஒதுக்காது. கரும்பும் சோளமும் அந்த வகைதான். அளவுகோலில் மரத்தின் மதிப்பு சுமார் கழித்தல் 27, இந்தப் புல்லின் மதிப்பு சுமார் கழித்தல் 12. செடி மக்கிச் சேறானாலும் இந்தக் கைரேகை பெரிதாக அழியாது. சேற்றின் ஒவ்வோர் அடுக்கிலும் கைரேகையைப் பார்த்தால் அந்தக் காலத்தில் மரம் மிகுந்ததா, புல் மிகுந்ததா என்று தெரிந்துவிடும். அடுக்கின் வயதைக் கார்பன்-14 சொல்லும்.

கிடைத்த விடை: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், பருவமழை மெலிந்து நீலகிரியில் புல் ஓங்கியிருந்தது. பிறகு மழை வலுத்தபோது மரங்கள் பரவின. மறுபடி சுமார் 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்வரை வறட்சி, மறுபடி புல்லின் கை ஓங்கியது. பிற்பாடு வேறு சதுப்புகளில் செய்த ஆய்வுகள் இந்தக் கதையை 40,000 ஆண்டுகள் வரை பின்னே கொண்டுபோயின.

நிதானமாக யோசியுங்கள். 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகில் எங்கேயும் எருமை வளர்ப்பு இல்லை. அப்போதே அங்கே புல் இருந்தது. அப்படியென்றால் நீலகிரிப் புல்வெளி மேய்ப்பவன் அழித்த காட்டின் மிச்சம் அல்ல. மழை கூடும்போது சோலை முன்னேறும், குறையும்போது புல் முன்னேறும். இரண்டும் நெடுங்காலப் பங்காளிகள். நெருப்புக்கும் மேய்ச்சலுக்கும் பிற்காலத்தில் ஒரு பங்கு இருந்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் "இது தரிசு" என்று எழுதிய காகிதம் பொய் என்று மண் சொல்லிவிட்டது. 1938-இல் ரங்கநாதன் எடுத்த பக்கத்துக்கு 55 ஆண்டு கழித்துச் சாட்சி கிடைத்தது.

சாட்சி வருவதற்குள் நடந்தது என்ன? சுதந்திரத்துக்குப் பிறகு வேலை இன்னும் வேகமாக நடந்தது. தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும். சிறுமுகை ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். குந்தா மின்திட்ட அணைகள் வேறு பள்ளங்களை நிரப்பின. புல்வெளி மேல் சீகையும் கற்பூரமும் பைனும் ஏறின. சீகையின் விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெட்டினாலும் எரித்தாலும் கூட்டம் கூட்டமாக முளைக்கும். நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் ஒரு குழு கணக்குப் போட்டது: நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணோம்.

தண்ணீருக்கு என்ன ஆனது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஊட்டியில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றில் புல்லைச் சோலையோடு அப்படியே விட்டார்கள். மற்றதில் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடும் நீர் 16 சதவீதம் குறைந்தது. பைக்காராவும் பவானியும் பிறப்பது இந்த மலையில். கோயம்புத்தூரில் இருக்கும் பிள்ளைகளே, பில்லூர்த் தண்ணீர் குடிக்கிறவர்கள் நீங்கள். ஈரோட்டில் இருக்கும் சொந்தங்களே, உங்கள் வாய்க்காலும் இதில் சேர்த்தி.

கார்பனுக்கு வருகிறேன். மருமகன் கேட்டது அதைத்தானே.

புல்வெளியில் கார்பனின் பெரும்பங்கு தரைக்குக் கீழே இருக்கிறது. தீ வந்தால் மேலே உள்ள புல் போகும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும். பெட்டிக்குள் இருப்பது பத்திரம். மரத் தோட்டத்தில் புதிதாகச் சேரும் கார்பன் மேலே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். புகைப்படத்துக்கு அழகு. ஆனால் வெட்டினால் போகும், எரிந்தால் போகும். இதற்கிடையில் குழி வெட்டும்போது பழைய மண் புரளும். மரம் தண்ணீரை உறிஞ்சிச் சதுப்பு வறண்டால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றுப் படாமல் கிடந்த பீட்டுக்குள் ஆக்சிஜன் நுழையும். பனியுகத்தில் போட்ட சேமிப்பு கரியமில வாயுவாகக் கிளம்பும். அதைத் திரும்பச் சேர்க்க நமக்கு இன்னொரு 20,000 ஆண்டு வேண்டும். ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்துச் சீட்டுக் கட்டுவது போன்ற வேலை.

மரம் நடவே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம்! மரம் இருந்து அழிந்த இடத்தில், அந்த மண்ணுக்கு உரிய மரத்தை நடுங்கள். அழிந்த சோலை ஓரத்தில் நாவலும் விக்கியும் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். சீகையை அகற்றிவிட்டுப் புல் நாற்று நடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆமாம், புல் நாற்று. நாற்றங்காலில் வளர்த்துக் கையால் நடுகிறார்கள். முளைத்து வரும் சீகைக் கன்றுகளை வருஷா வருஷம் பிடுங்க வேண்டும். நீதிமன்றமும் சொல்லிவிட்டது, தமிழ்நாடு அரசும் 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்திருக்கிறது. அந்தக் கம்பெனிப் பணம் அங்கே போனால் பிரயோஜனம். படத்தில் பச்சை மரம் தெரியாது, அவ்வளவுதான். மேலதிகாரியிடம் விளக்க வேண்டியது மருமகனின் சாமர்த்தியம்.

இதில் என்னை மிகவும் தொட்டது ஒன்று உண்டு. தோடர்கள் தங்கள் எருமைக் கோயிலுக்குக் கூரை வேய்வது சதுப்பில் மட்டும் வளரும் ஒரு புல்லால்தான். சதுப்பு வறண்டால் அந்தப் புல் இல்லை. அந்தப் புல் இல்லையென்றால் கோயிலுக்குக் கூரை இல்லை. விஞ்ஞானிகள் குழாய் போட்டு எடுத்த சேறும், தோடர் அறுத்து எடுக்கும் கூரைப்புல்லும் ஒரே பள்ளத்தைச் சேர்ந்தவை. கார்பன்-13 என்ற பெயர் தெரியாமலே அந்தப் பள்ளத்தைக் காப்பாற்ற வேண்டிய காரணம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் வைத்திருந்ததைத்தான் காகிதத்தில் "சும்மா கிடக்கிறது" என்று எழுதினார்கள்.

கடைசியாக, வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டார். நீங்கள் இருக்கும் ஊரில் "தரிசு", "புறம்போக்கு", "சும்மா கிடக்கிறது" என்று சொல்லப்படும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேய்க்கால் புறம்போக்காக இருக்கலாம், ஏரிக்கரையாக இருக்கலாம், கழிமுகமாக இருக்கலாம். அதற்கு அந்தப் பெயரை யார் வைத்தார்கள், அதற்கு முன் அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். பத்து வரி போதும். நன்றாக எழுதுபவர்களுக்கு, வழக்கம் போல, பரிசு எதுவும் கிடையாது. "நன்று" என்று சிவப்பு மையில் போடுவேன்.